கீமோ முடிஞ்சிருச்சு, ஆனா அவ பேசவே மாட்டேங்கறா: ஆர்ட் தெரபிக்கு அனுப்பலாமா?

வணக்கம் சார். உங்க லெட்டர முழுசா படிச்சேன். பேரு ஊரு எதுவும் வேணாம்னு கேட்டிருந்தீங்க, அதனால திண்டுக்கல் பக்கம்னு மட்டும் வச்சுக்கறேன். மத்தவங்களுக்கும் புரியணும்ல, அதனால நீங்க எழுதினத சுருக்கமா சொல்லிட்டு பதிலுக்கு வரேன்.

உங்க மனைவிக்கு 46 வயசு. போன வருஷம் வலது மார்புல கேன்சர்னு தெரிஞ்சு, மார்ப முழுசா எடுத்து, அக்குள்ல இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்து, அப்புறம் கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிஞ்சு இப்ப கேன்சர் திரும்பி வராம இருக்கக் குடுக்கற தமாக்சிஃபென் மாத்திரை மட்டும் போயிட்டிருக்கு. டாக்டர் நல்லாருக்கீங்க மூணு மாசம் கழிச்சு வாங்கன்னு அனுப்பிட்டார். ஆனா வீட்டுல அவங்க பழைய ஆளா இல்ல. பேச்சு குறைஞ்சு போச்சு, ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு வேர்த்துப்போய் உக்காந்திருக்காங்க, கதவ தாழ் போட்டுக்கிட்டுத்தான் டிரஸ் மாத்தறாங்க, இருபது வருஷமா ஊருக்கே ஜாக்கெட் தச்சுக் குடுத்தவங்க இப்ப மிஷின் இருக்கற ரூமுக்கே போறதில்ல. "நான் ஒண்ணும் நினைக்கல, நீ உசுரோட இருக்கறதே எனக்குப் போதும்னு எத்தன தடவ சொல்லிட்டேன், சொல்லச் சொல்ல அழறா"ன்னு எழுதியிருக்கீங்க. காலேஜ் படிக்கற பொண்ணு ஆர்ட் தெரபி பத்தி எங்கயோ பாத்துட்டு அம்மாவ கூட்டிட்டுப் போலாம்னு சொல்லுது, உங்க அக்கா சின்னப்புள்ளையாட்டம் கலர் அடிச்சா எல்லாம் சரியாயிருமான்னு கேக்கறாங்க. இது நெசமாவே வேலை செய்யுமா இல்ல காசு புடுங்கற வேலையா, அவளுக்கு ஒரு கோடு கூட நேரா போட வராதேன்னு முடிச்சிருக்கீங்க.

மொதல்ல அந்தக் கடைசி வரி. ஒரு கோடு போட வராதா சார்? இருபது வருஷமா துணிய விரிச்சுப் போட்டு சாக்பீஸ் வச்சு கழுத்து வளைவும் கை வளைவும் ஒரே இழுப்புல போட்டவங்க அவங்க. அத விடுங்க, வரைய வர்றதுக்கும் இதுக்கும் பெருசா சம்பந்தமே இல்ல, அதுக்கு ஆதாரமும் இருக்கு, பின்னாடி சொல்றேன்.

நேரடியா பதில்: அவங்களுக்கு இஷ்டம் இருந்தா கண்டிப்பா முயற்சி பண்ணலாம். ஆனா ஆர்ட் தெரபி கேன்சர குணமாக்காது, திரும்பி வராமத் தடுக்காது, தமாக்சிஃபெனுக்கு மாத்தும் கிடையாது. அப்படி யாராவது சொன்னா அந்த இடத்துல உக்காராம எந்திரிச்சு வந்துருங்க. அது செய்றது வேற. வீட்டுல யார்கிட்டயும் சொல்ல முடியாத ஒண்ண வாயால சொல்லாமலே வெளிய எடுத்து வைக்க ஒரு இடம் குடுக்கும். உங்க வீட்டுல இப்ப இல்லாதது அந்த இடம்தான்னு எனக்குத் தோணுது, அது உங்க தப்புன்னு நான் சொல்லல, பெரும்பாலான வீட்டுல இப்படித்தான் ஆகுது.

ஏன் இப்பப் போய் இப்படி இருக்காங்க, வைத்தியம் நடக்கும்போது தைரியமா இருந்தாளேன்னு நீங்களே கேட்டிருக்கீங்க. நான் பாக்கற பெண்கள்ல நெறைய பேருக்கு சிகிச்சை முடிஞ்ச பிறகுதான் மனசு விழும். கீமோ நடக்கும்போது ஒவ்வொரு வாரமும் ஒரு வேலை இருக்கு, ரத்தப் பரிசோதனை, கவுண்ட் எவ்வளவு, அடுத்த டோஸ் என்னைக்கு, யார் கூட வர்றது, என்ன சாப்பிட முடியும்னு நாள் ஓடிரும், பயப்படக்கூட நேரம் இருக்காது. எல்லாம் முடிஞ்சு சொந்தக்காரங்க எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குப் போனப்புறம்தான் தனக்கு என்ன நடந்துச்சுன்னு அவங்க உக்காந்து பாக்கவே ஆரம்பிக்கறாங்க. அப்ப பாத்து சுத்தி இருக்கறவங்க எல்லாம் அதான் சரியாயிருச்சுல்லன்னு சொல்றாங்க. ஒரு சின்ன முதுகுவலி வந்தாலும் எலும்புக்குப் பரவிருச்சோன்னு ஒரு பயம், செக்கப் தேதி நெருங்க நெருங்க தூக்கம் போறது, இதெல்லாம் கேன்சர் வந்து போன ஏகப்பட்ட பேருக்கு இருக்கு, அவங்க கோழைங்கறதால வர்றது இல்ல.

இன்னொண்ணு, ராத்திரி வேர்க்கறது. அத மனசு சம்பந்தப்பட்டதுன்னு மட்டும் நினைச்சிராதீங்க. தமாக்சிஃபெனுக்கு அந்த குணம் உண்டு, திடீர்னு உடம்பெல்லாம் சூடு பரவி வேர்த்துக் கொட்டும், அதோட கீமோவால மாதவிலக்கு நின்னுருந்தா இன்னும் ஜாஸ்தியா இருக்கும், தூக்கம் கெட்டா மறுநாள் எரிச்சலும் அழுகையும் வரத்தான் செய்யும். இத டாக்டர்கிட்ட சொல்லியிருக்காங்களான்னு கேளுங்க, நெறைய பொம்பளைங்க இதெல்லாம் போய் சொல்றதான்னு சொல்லாமலே விட்டுடறாங்க. சொன்னா அதுக்கு வழி இருக்கு. ஆனா தானா மாத்திரைய நிறுத்தக்கூடாது, அஞ்சு வருஷம், சிலருக்குப் பத்து வருஷம் வரைக்கும் சாப்பிட வேண்டிய மருந்து அது.

சரி, இப்ப ஆர்ட் தெரபின்னா என்னன்னு வருவோம். இத மேல மேல சொல்றதவிட ஒருத்தருக்கு நடந்ததச் சொன்னா புரியும். அடையாளம் தெரியாம மாத்தித்தான் சொல்றேன். மார்பக கேன்சர் சிகிச்சை முடிஞ்ச ஒரு அம்மா, ஐம்பத்தஞ்சு வயசு இருக்கும், என்கிட்ட வந்தாங்க. என்ன கேட்டாலும் நல்லாருக்கேன்மா, மகன் மருமக நல்லா பாத்துக்கறாங்க, ஒரு குறையும் இல்லன்னு ஒரே பதில். ஒரு நாள் கிரேயானும் பேப்பரும் குடுத்து உங்க வீட்டுல உங்களுக்குப் பழக்கமான ஒரு மூலைய வரைங்கன்னு மட்டும் சொன்னேன். அவங்க சமையக்கட்டு அலமாரிய வரைஞ்சாங்க, ரொம்பப் பொறுமையா, குடம், தூக்குப் போசி, வரிசையா தட்டு, நாலு டம்ளர் ஒண்ணா ஒட்டி ஒட்டி. அப்புறம் அலமாரிக்கு வெளிய, ஜன்னல் திட்டுல, தனியா ஒரு டம்ளர். வேற எதுக்கும் கலர் அடிக்கல, அதுக்கு மட்டும் பச்சை அடிச்சாங்க. நான் இது எதுக்கு அறிகுறி அது எதுக்கு அறிகுறின்னு ஒண்ணும் சொல்லல, அந்த டம்ளர் மட்டும் ஏன் தள்ளி இருக்குன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அது என்னுதும்மா, பிளாஸ்டிக்கு, அப்படின்னாங்க.

கேன்சர் ஒட்டிக்கும்னு பயந்து வீட்டுல அவங்களுக்குத் தனி டம்ளர், தனி தட்டு. பேரப்புள்ளைய மடியில வச்சுக்க விடறதில்ல. அத்தன மாசத்துல இத யார்கிட்டயும் அவங்க சொல்லல, சொன்னா மகனக் குத்தம் சொன்ன மாதிரி ஆயிரும்னு. அதுக்கப்புறம் மகனையும் மருமகளையும் வரச்சொல்லி கேன்சர் தொட்டா ஒட்டற வியாதி இல்ல, ஒரே டம்ளர்ல தண்ணி குடிச்சா வராதுன்னு டாக்டர வச்சே பேச வச்சோம். பாதி மாறுச்சு, பாதி மாறல, அது வேற கதை. நான் சொல்ல வர்றது, இருபது கேள்வி கேட்டு வராதது ஒரு டம்ளர்ல வந்துச்சு. இதத்தான் சார் ஆர்ட் தெரபின்னு சொல்றோம். படம் நல்லாருக்கா இல்லையாங்கற பேச்சே அங்க வராது.

டிராயிங் கிளாசுக்கும் இதுக்கும் இதுதான் வித்தியாசம். கிளாஸ்ல சார் சொல்லிக் குடுப்பாரு, தப்பத் திருத்துவாரு, முடிஞ்சா பிரேம் போட்டு மாட்டலாம். இங்க யாரும் திருத்த மாட்டாங்க, மார்க் இல்ல, கிழிச்சுப் போடணும்னாலும் போடலாம். கடையில விக்கற பெரியவங்களுக்கான கலரிங் புக் இருக்கே, அதுவும் ஆர்ட் தெரபி ஆயிராது, மனசு அலைபாயும்போது அரை மணி நேரம் உக்காந்து அடிக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கும், அது வரைக்கும்தான். கோலத்தையும் அப்படித்தான் சொல்வேன். எங்கிட்ட வர்ற நெறைய பேர் எனக்குக் கோலம் நல்லா வரும் மேடம்னு சொல்வாங்க, நானும் போடச் சொல்வேன், புள்ளி வச்சு சிக்குக் கோலம் போடும்போது மூச்சு சீராகறது கண்ணுக்குத் தெரியும். ஆனா கை பழகின கணக்கு அது, உள்ள இருக்கறது அதுக்குள்ள வர்றது கஷ்டம். அதனால கோலத்துல ஆரம்பிச்சு மெதுவா வேற பக்கம் நகருவோம்.

இது நேத்து வந்த ஃபேஷனும் இல்ல. இங்கிலாந்துல ஏட்ரியன் ஹில்னு ஒரு ஓவியர், 1938-ல காசநோய் வந்து சானடோரியத்துல படுத்திருந்தப்ப தனக்காக வரைய ஆரம்பிச்சு, அப்புறம் பக்கத்துல இருந்த நோயாளிங்களையும் வரைய வச்சாரு, ஆர்ட் தெரபிங்கற பேர 1942-ல வச்சதும் அவர்தான். காசநோய்க்கு அப்ப சரியான மருந்தே இல்ல, மாசக்கணக்கா படுக்கையிலயே கிடக்கணும். ஆஸ்பத்திரி படுக்கையில இருந்து வந்த விஷயம் இது, அத உங்க அக்காகிட்ட சொல்லுங்க.

ஆதாரம் இருக்கான்னு கேட்டீங்க, நியாயமான கேள்வி. ஸ்வீடன்ல ஊமியோன்னு ஒரு ஊரு, அங்க மார்பக கேன்சருக்கு ஆபரேஷன் முடிஞ்சு ரேடியேஷன் எடுத்துக்கிட்டிருந்த 41 பெண்கள சீட்டுக் குலுக்கற மாதிரி ரெண்டு குழுவா பிரிச்சாங்க. ஒரு குழுவுக்கு வாரத்துக்கு ஒரு மணி நேரம், அஞ்சு வாரம், தனித்தனியா ஆர்ட் தெரபி. இன்னொரு குழுவுக்கு அது இல்ல. 2006-ல முடிவு வெளிய வந்துச்சு, தெரபி எடுத்தவங்களுக்கு கஷ்டத்த சமாளிக்கற தெம்பு கூடியிருந்துச்சு. அதே வருஷம் அமெரிக்காவுல பிலடெல்பியாவுல 111 பெண்கள வச்சு பண்ணின இன்னொரு ஆய்வு வந்துச்சு, பலவிதமான கேன்சர் வந்தவங்க அவங்க, எட்டு வாரம் தியானப் பயிற்சியும் படம் வரையறதும் சேர்ந்த மாதிரி ஒரு திட்டம், அதுலயும் மன உளைச்சல் குறைஞ்சுச்சு. அப்புறம் 2014-ல மார்பக கேன்சர்ல ஓவியம், இசை, நடனம்னு கலை வழி சிகிச்சை எல்லாத்தையும் பத்தி வந்த 13 ஆய்வுகள ஒண்ணா வச்சுப் பாத்தாங்க. பதட்டம் குறையுதுங்கறது தெரிஞ்சுச்சு, ஆனா டிப்ரஷன் குறையுதுன்னு உறுதியா காட்ட முடியல. நான் இத மறைக்க விரும்பல. பயம், படபடப்பு, தூக்கி எறியற மாதிரி கோவம், வாய் திறக்க முடியாத நிலைமை, இதுக்கெல்லாம் நான் தைரியமா அனுப்புவேன். டிப்ரஷனே வந்திருந்தா இத மட்டும் நம்பி உக்காரக்கூடாது, கூடவே மனநல டாக்டர் வேணும்.

வரைய வராதுங்கறதுக்கு ஆதாரம் சொல்றேன்னு சொன்னேன்ல. 2016-ல அதே பிலடெல்பியாவுல ட்ரெக்சல் யுனிவர்சிட்டில 39 பேர, அவங்க நோயாளிங்க இல்ல சாதாரண ஆளுங்க, 45 நிமிஷம் கலர், களிமண், பேப்பர்னு எதையாவது வச்சு என்ன வேணா செய்யுங்கன்னு விட்டாங்க. உமிழ்நீர்ல கார்டிசால்னு டென்ஷனுக்கான ஹார்மோன முன்னாடியும் பின்னாடியும் அளந்து பாத்தா முக்கால்வாசிப் பேருக்கு குறைஞ்சிருந்துச்சு. அதுல முன்ன பின்ன வரைஞ்சு பழக்கம் உள்ளவங்க, பென்சிலே புடிக்காதவங்கன்னு வித்தியாசம் தெரியல.

இப்ப உங்க வீட்டு விஷயத்துக்கு வரேன், எனக்கு லெட்டர்ல ரொம்ப முக்கியமாப் பட்டது அந்தத் தையல் மிஷின்தான். நீங்க அத ஒரு வரியில எழுதிட்டுப் போயிட்டீங்க. ஜாக்கெட் தைக்கறவங்க நாள் முழுக்க என்ன பண்ணுவாங்கன்னு ஒரு நிமிஷம் யோசிங்க சார். வர்ற ஒவ்வொருத்தருக்கும் மார்புக்குக் குறுக்க டேப்ப சுத்தி மார்பளவு எடுக்கணும், மார்பு வடிவத்துக்கு மடிச்சுத் தைக்கற டாட் எங்க வரணும்னு பாக்கணும், கப் வைக்கணுமான்னு கேக்கணும். தன் உடம்புல ஒரு பக்கம் இல்லாம ஆனவங்க, அடுத்தவங்க உடம்புல அதையே அளந்து எழுதணும். அவங்க சோம்பலால மிஷின் பக்கம் போகாம இல்ல. இத அவங்க வாயால சொல்லியிருக்க மாட்டாங்க, நானும் ஊகமாத்தான் சொல்றேன், நீங்க போய் இதுதான காரணம்னு கேட்டுராதீங்க. ஆனா கடையத் திறந்தா மனசு மாறும், கஸ்டமர் வந்தா பேசுவான்னு யாராவது தள்ளினா தடுத்துருங்க.

அதே சமயம் துணிதான் அவங்க பாஷை. தெரபிஸ்ட்கிட்ட போனா வாட்டர் கலரும் பிரஷும்தான் புடிக்கணும்னு சட்டம் இல்ல, துணி வெட்டி ஒட்டறது, நூலால இழைக்கறதுன்னு எல்லாமே ஆர்ட் தெரபில உண்டு. நீங்க கூட்டிட்டுப் போறவர்கிட்ட இவங்க டெய்லர்னு முன்கூட்டியே சொல்லி வைங்க. நானா இருந்தா வெட்டுத்துணி மூட்டைய நடுவுல கொட்டிட்டு, இன்னைக்கு உங்க உடம்பு இதுல எந்தத் துணி மாதிரி இருக்குன்னு கேப்பேன். கஞ்சி போட்ட காட்டனா, நைஞ்சு போன வாயில் துணியா, விறைச்சுக்கிட்டு நிக்கற கேன்வாஸா. ஒரு துண்ட எடுத்து நோட்டுல ஒட்டச் சொல்வேன், அவ்வளவுதான், அன்னைக்கு அது போதும். கொஞ்ச வாரம் போனா, ஆளுயரத்துக்கு பேப்பர விரிச்சு உடம்பு உருவத்த வெளிக்கோடா போட்டு அதுக்குள்ள எங்க வலி, எங்க பலம், எங்க தொடக்கூடாதுன்னு துணியும் கலருமா நிரப்பற ஒரு முறை இருக்கு. 2002 வாக்குல தென்னாப்பிரிக்காவுல கேப் டவுன் பக்கம் எச்.ஐ.வி. உள்ள பெண்கள் தங்களோட கதைய இப்படித்தான் வரைஞ்சாங்க, இப்ப உலகம் பூரா பயன்படுத்தறாங்க. ஆனா மார்ப எடுத்தவங்களுக்கு இது ரொம்ப ஆழமாத் தொடற வேலை, பயிற்சி உள்ளவர் பக்கத்துல இருக்கும்போது மட்டும்தான் செய்யணும், யூடியூப் பாத்துட்டு உங்க பொண்ணு வீட்டுல பண்ணிப் பாக்க வேணாம்.

கை விஷயம் சொல்லியே ஆகணும். அக்குள்ல நெறிக்கட்டி எடுத்த கை, அதுவும் வலது கை. நீர் கோத்து வீங்கற வாய்ப்பு வருஷக்கணக்கா இருக்கும். கைய தொங்கப் போட்டோ, அந்தரத்துல தூக்கியோ ரொம்ப நேரம் வேலை செய்யக்கூடாது, மேஜை மேல முழங்கை வரைக்கும் தாங்கற மாதிரி வச்சு, கால் மணி நேரத்துக்கு ஒரு தடவ நிறுத்தி நீட்டி மடக்கணும், டாக்டர் வீக்கத்துக்குன்னு இறுக்கமான கை உறை குடுத்திருந்தா போட்டுக்கணும். ஊசி புடிச்சா தையக்காரங்க விரல்ல மாட்டற தொப்பி இல்லாம தைக்க வேணாம், அந்தக் கையில சின்னக் குத்து கூட சில சமயம் தொற்றாகி கை முழுக்க செவந்து காய்ச்சல் வரும், வந்தா காலையில பாத்துக்கலாம்னு இல்லாம அன்னைக்கே ஆஸ்பத்திரி. பெரிய கத்திரிக்கோலால கெட்டித் துணி வெட்டறத உங்க பொண்ணு செஞ்சு குடுக்கட்டும். கீமோவால விரல் நுனி மரத்துப் போயிருந்தா மெல்லிசு பென்சில் நழுவும், தடியான ஆயில் பேஸ்டல் வாங்குங்க. இத படிக்கற வேற யாராவது இப்ப கீமோல இருந்தீங்கன்னா, வெள்ளை அணு குறைஞ்சிருக்கற நாள்ல ஆத்து மண்ணு, குளத்துக் களிமண்ணு தொட வேணாம், டர்பன்டைன் மாதிரி வாடை அடிக்கறதும் வேணாம், குமட்டல் வரும்.

யார்கிட்ட போறது? நம்ம ஊர்ல இதுதான் சிக்கல். ரெண்டு நாள் ஒர்க்‌ஷாப் போய்ட்டு வந்து ஆர்ட் தெரபிஸ்ட்னு போர்டு மாட்டறவங்களும் இருக்காங்க. அதனால மொதல்ல வைத்தியம் பாத்த ஆஸ்பத்திரியிலயே கேளுங்க. கேன்சர் நோயாளிகளோட மனநலத்துக்குன்னே சைக்கோ ஆங்காலஜின்னு ஒரு பிரிவு இருக்கு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல தொடங்கின அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்ல அதுக்குத் தனித் துறையே இருக்கு. உங்களுக்கு மதுரை பக்கம், அங்க இருக்கற பெரிய ஆஸ்பத்திரிகள்ல கவுன்சலர் யார் இருக்காங்கன்னு விசாரிங்க. ஆள் கிடைச்சா கூச்சப்படாம கேளுங்க: எங்க படிச்சீங்க, எவ்வளவு நாள் பயிற்சி, கேன்சர் வந்தவங்களப் பாத்திருக்கீங்களா, அவங்க வரையறத யார்கிட்டயாவது காட்டுவீங்களா. முறையான ஆர்ட் தெரபிஸ்ட் கிடைக்கலைன்னா, ஆர்.சி.ஐ.ங்கற இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு உள்ள கிளினிகல் சைக்காலஜிஸ்ட் போதும், பேச்சோட சேர்த்து வரையறதையும் பயன்படுத்தறவங்க இருக்காங்க. ஆன்லைன்ல எடுத்தா அந்த ஒரு மணி நேரம் அந்த ரூம் கதவு சாத்தியே இருக்கணும், உங்க அக்கா எட்டிப் பாக்கக்கூடாது. ஸ்வீடன்ல அஞ்சு வாரம்னு சொன்னேன்ல, அந்த அளவுக்காவது போய்ப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க, ஒரே நாள்ல பலன் தேட வேணாம். மொதல் ரெண்டு தடவ போய்ட்டு வந்தா கூடுதலா அழக்கூட வாய்ப்பு இருக்கு, பயந்துறாதீங்க, ஆனா நாலஞ்சு தடவைக்கப்புறமும் போய்ட்டு வர்றப்பல்லாம் ஒடிஞ்சு போய் வந்தா நிறுத்திட்டு வேற வழி பாக்கணும்.

எனக்கு ரொம்ப வருத்தம் தர்ற ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிடறேன். அக்டோபர் மாசம் வந்தா மார்பக கேன்சர் விழிப்புணர்வுக்குன்னு பிங்க் ரிப்பன் நிகழ்ச்சி, அதுல கேன்சர ஜெயிச்சவங்க வரைஞ்ச படம்னு கண்காட்சி, ஃபோட்டோ, மேடையில ஏத்தி கைதட்டல். தானா விரும்பிப் போறவங்களுக்கு அது பெரிய சந்தோஷம், நான் மறுக்கல. ஆனா தெரபி ரூம்ல வரைஞ்ச படம் மெடிக்கல் ரிப்போர்ட் மாதிரி, அவங்க அனுமதி இல்லாம யாரும் வெளிய எடுக்கக்கூடாது. எல்லாரும் பூவும் பட்டாம்பூச்சியும் வரைஞ்சு நான் ஜெயிச்சுட்டேன்னு எழுதணும்னு எதிர்பாக்கற இடமா இருந்தா அங்க உங்க மனைவிக்கு ஒண்ணும் கிடைக்காது, ஏற்கனவே வீட்டுல எதையும் சொல்ல முடியாம அடக்கி அடக்கி ஓஞ்சு போயிருக்காங்க.

உங்களுக்குன்னு கொஞ்சம். அவங்க எதாவது வரைஞ்சோ ஒட்டியோ வீட்டுக்குக் கொண்டு வந்தா இது என்னன்னு கேக்காதீங்க, சூப்பரா இருக்குன்னும் சொல்லாதீங்க, ரெண்டுமே மார்க் போடறதுதான். அவங்களா காட்டினா பக்கத்துல உக்காந்து பாருங்க. சொல்லணும்னு இருந்தா அவங்க சொல்லுவாங்க. ஃபேமிலி குரூப்ல போட்டோ போட்டுராதீங்க, பெருமையில போடறதா இருந்தாலும் சரி. கறுப்பா, கோரமா இருந்தா பதறி ஏன் இப்படி எல்லாம் யோசிக்கறன்னு ஆரம்பிச்சிராதீங்க, அது பேப்பருக்கு வந்தது நல்லதுதான்.

நீ உசுரோட இருக்கறதே போதும்னு நீங்க சொல்றது அன்புதான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல, நீங்க எழுதின விதத்துலயே தெரியுது. ஆனா அத கேக்கறவங்களுக்கு அதுக்கு மேல பேச வழி இல்ல சார். உசுர் பொழச்சதே போதும்னு ஆனப்புறம், போன மார்புக்காக அழறது பேராசை மாதிரி ஆயிருது. போனது போனதுதான், அதுக்காக துக்கப்பட அவங்களுக்கு உரிமை இருக்கு. நான் ஒண்ணும் நினைக்கலங்கறதும் அப்படித்தான், நீங்க என்ன நினைக்கறீங்கன்னு அவங்க கவலப்படறாங்களோ இல்லையோ, கண்ணாடி முன்னாடி நிக்கும்போது அவங்க என்ன நினைக்கறாங்கன்னு யாருமே கேக்கல. பதிலா, உனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும், எனக்கு அது முழுசா தெரியாது, சொல்லணும்னு தோணுச்சுன்னா கேக்கறேன்னு ஒரு தடவ சொல்லிட்டு சும்மா இருங்க. கதவ தாழ் போட்டுக்கிட்டா போட்டுக்கட்டும், தட்ட வேணாம்.

இங்கிலாந்துல ஜோ ஸ்பென்ஸ்னு ஒரு போட்டோகிராபர், 1982-ல மார்பக கேன்சர்னு தெரிஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி, தன்னோட மார்பு மேலயே இது ஜோ ஸ்பென்சோட சொத்தான்னு கேள்விக்குறியோட எழுதி போட்டோ எடுத்துக்கிட்டாங்க. சிகிச்சை நடக்கும்போது டாக்டர் பாக்கறாரு, நர்ஸ் பாக்கறாங்க, மாணவங்க பாக்கறாங்க, உடம்பு தன்னோடதுங்கற நினைப்பே பல பேருக்குப் போயிருது. துணியோ கலரோ களிமண்ணோ, எத எங்க வைக்கறதுன்னு முடிவு பண்றது அவங்க கைங்கறது அந்த நினைப்ப கொஞ்சம் கொஞ்சமா திரும்பக் கொண்டு வர உதவும். அதனாலதான் போகணுமா வேணாமாங்கற முடிவும் அவங்களோடதா இருக்கணும்னு திரும்பத் திரும்ப சொல்றேன், நீங்களும் பொண்ணும் சேர்ந்து ஃபீஸ் கட்டி சீட் போட்டுட்டு கிளம்புன்னு சொன்னா அது இன்னொரு ஆபரேஷன் தேதி மாதிரிதான் இருக்கும்.

கவனிக்க வேண்டியது ஒண்ணு. ரெண்டு வாரத்துக்கு மேல நாள் பூரா சோகம், சாப்பாடு இறங்கல, குளிக்கக்கூட எந்திரிக்கல, நான் இருந்து என்ன ஆகப்போகுதுங்கற மாதிரி பேச்சு, இதுல எது இருந்தாலும் தெரபி கிளாஸ் தேடிக்கிட்டு இருக்காம உடனே மனநல டாக்டர பாருங்க. ராத்திரி நேரத்துல பயமா இருந்தா டெலி மானஸ் 14416-க்கு போன் போடலாம், அரசாங்கத்தோடது, இலவசம், 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம். டாக்டர்கிட்ட தமாக்சிஃபென் சாப்பிடறாங்கன்னு மறக்காம சொல்லுங்க, ஏன்னா பராக்சிடின், ஃப்ளூவாக்சிடின் மாதிரி சில டிப்ரஷன் மாத்திரைங்க தமாக்சிஃபென் உடம்புல சரியா வேலை செய்றத குறைக்கும். ஒத்துப்போற வேற மாத்திரை இருக்கு, அவர் பாத்து எழுதுவார்.

கடைசியா, எனக்கு லெட்டர் எழுதினத அவங்ககிட்ட மறைக்காம சொல்லிருங்க, இந்த பதிலையும் படிக்கக் குடுங்க. தன்னப் பத்தி வெளிய பேசிட்டாருன்னு கோவம் வரலாம், வந்தா வாங்கிக்கங்க. போகலாமான்னு கேளுங்க, வேணாம்னா விட்டுருங்க, அடுத்த செக்கப் முடிஞ்சப்புறம் இன்னொரு தடவ கேளுங்க. அந்த செக்கப்புக்கு நீங்க கூடப் போங்க, ராத்திரி வேர்க்கறதையும் தூக்கம் வராததையும் ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துக்கிட்டு போகச் சொல்லுங்க, டாக்டர் ரூம்ல நீங்க பேசாம அவங்கள பேச விடுங்க.